1971 டி. சி. வில்லியம்ஸ் டைட்டன்ஸ்

1971 டி. சி. வில்லியம்ஸ் டைட்டன்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அலெக்சாந்திரியா நகரிலுள்ள டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் காற்பந்து அணியைக் குறிக்கும். கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் இணைந்து ஆடிய இவ்வணி, அப்பருவத்தின் 13 ஆட்டங்களிலும் வென்று மாநில வாகை சூடியது.

பின்னணி

அலெக்சாந்திரியாவில் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த பள்ளிகள் 1959 முதல் படிப்படியாக ஒருங்கிணைக்கப்பட்டன. எனினும் நகரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவரின் இன விகிதம் ஒத்திருக்கவில்லை. இதனைச் சரிசெய்யும் பொருட்டு, 1971 இல் 11, 12 ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் டி. சி. வில்லியம்ஸ் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். இதனால் அதுவரை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய வீரர்கள் ஓரணியில் இடம்பெற நேர்ந்தது.

தலைமைப் பயிற்சியாளராகக் கறுப்பினத்தவரான ஹெர்மன் பூன் நியமிக்கப்பட்டார். ஹேமண்ட் பள்ளியின் பயிற்சியாளராக இருந்த வெள்ளையினத்தவரான பில் யோஸ்ட்டுக்கே அப்பதவி கிடைக்கும் எனப் பலர் எதிர்பார்த்திருந்தனர். யோஸ்ட் பூனின் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்ற இசைந்தார்.

பருவம்

பருவத்திற்கு முன் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் பயிற்சி முகாம் நடைபெற்றது. மார்ஷல் பள்ளியுடனான ஆட்டமே இவ்வணிக்கு மிகக் கடினமானதாக அமைந்தது. அதில் 21-16 என வென்றது. ரோனோக் நகரில் நடந்த மாநில இறுதியாட்டத்தில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27-0 என்ற புள்ளிக்கணக்கில் தோற்கடித்தது.

அணித் தலைவர்களுள் ஒருவரான ஜெரி பெர்ட்டியர், இறுதியாட்டத்திற்குப் பின் 1971 டிசம்பர் 11 அன்று மகிழுந்து விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலி விளையாட்டுகளில் பங்கேற்றுப் பதக்கங்கள் வென்றார். 1981 இல் மற்றொரு சாலை விபத்தில் இறந்தார்.

திரைப்படம்

இவ்வணியின் கதை 2000 ஆம் ஆண்டில் 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' என்னும் திரைப்படமாக வெளிவந்தது. டென்சல் வாஷிங்டன் பூனாக நடித்தார். படம் சில நிகழ்வுகளை மாற்றிக் காட்டுகிறது:

* படத்தில் பள்ளி 1971 இல்தான் முதன்முறையாக ஒருங்கிணைக்கப்படுகிறது. உண்மையில் 1965 இல் திறக்கப்பட்டபோதே அங்கு இரு இனத்தவரும் பயின்றனர்.
* படத்தில் மார்ஷல் பள்ளியுடன் இறுதியாட்டம் நடக்கிறது. உண்மையில் அது பருவத்தின் இடையில் நடந்த ஆட்டமாகும்.
* படத்தில் பெர்ட்டியரின் விபத்து இறுதியாட்டத்திற்கு முன்பே நேர்கிறது.

பிற்காலம்

யோஸ்ட், பூன் இருவரும் 2019 இல் காலமாயினர். பள்ளி எவர் பெயரைத் தாங்கியிருந்ததோ அந்த டி. சி. வில்லியம்ஸ், இன ஒருங்கிணைப்பை எதிர்த்த நகரக் கல்விக் கண்காணிப்பாளர் ஆவார். இக்காரணத்தால் 2021 இல் பள்ளிக்கு அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் மாற்றப்பட்டது. டைட்டன்ஸ் என்னும் அணிப்பெயர் மாற்றப்படவில்லை.