ஹைட்டியக் குடியேறிகளுக்கான எச்.ஐ.வி. தடுப்பு நல்கைகள்

ஹைட்டியிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறியோரிடையே எச்.ஐ.வி. பரவுவதைத் தடுக்க, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் அரசிடமும் அறக்கட்டளைகளிடமும் போட்டிமுறையில் விண்ணப்பித்துப் பெறும் நிதியுதவி. இரத்தப் பரிசோதனை, ஆணுறை வழங்கல், தொற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் தடுப்பு மருந்துக்கு வழிகாட்டல், தொற்றுள்ளோரைச் சிகிச்சையில் சேர்த்தல் ஆகியவை இந்நிதியில் நடக்கும் முதன்மைப் பணிகள். அமெரிக்காவில் வாழும், ஹைட்டியில் பிறந்தோர் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மயாமியின் லிட்டில் ஹைட்டி, நியூயார்க்கின் புரூக்ளின், பாஸ்டனின் மாட்டபான் ஆகிய பகுதிகளில் அவர்கள் செறிந்து வாழ்கின்றனர்.

இந்த விண்ணப்பங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தம் சமூகத்தில் தொற்று மிகுதி என்று எண்களால் நிறுவினால்தான் நிதி கிடைக்கும். ஆனால் 1980களில் இச்சமூகம் ஒதுக்கிவைக்கப்பட்டதும் அதே கூற்றைக் காரணம் காட்டித்தான்.

பின்னணி

சிடிசி எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1982 ஜூலை 9 அன்று தன் வார அறிக்கையில், ஐந்து மாநிலங்களில் வாழ்ந்த 34 ஹைட்டியரிடம் எய்ட்ஸ் சார்ந்த நோய்கள் காணப்பட்டதைத் தெரிவித்தது. 1983 மார்ச்சில் வெளியான அரசுப் பரிந்துரை, ஹைட்டியிலிருந்து வந்தோரை இடர் மிகுந்த பிரிவினராகப் பட்டியலிட்டது. ஒருபாலீர்ப்புள்ள ஆண்கள், ஹெராயின் பயன்படுத்துவோர், ஹீமோஃபிலியா நோயாளிகள் ஆகியோருடன் சேர்த்து, நால்வரின் ஆங்கிலப் பெயர்களும் எச் எழுத்தில் தொடங்குவதால், ‘நான்கு எச்’ என்ற பெயர் பரவியது. மற்ற மூவரும் நடத்தையாலோ நோயாலோ சுட்டப்பட்டனர். ஹைட்டியர் மட்டும் பிறந்த நாட்டால் சுட்டப்பட்டனர். வேலையிலும் வாடகை வீட்டிலும் பள்ளியிலும் அவர்கள் ஒதுக்கலுக்கு ஆளாயினர். 1985 ஏப்ரலில் சிடிசி அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஹைட்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் 1982இல் மருத்துவர் ஜான் வில்லியம் பாப் நிறுவிய கெஸ்கியோ மையத்தின் ஆய்வுகள், தொற்று பரவும் வழிகள் ஹைட்டியிலும் பிற நாடுகளில் காணப்படுபவைதான் என்று காட்டின. மானிடவியலாளரும் மருத்துவருமான பால் ஃபார்மர் 1992இல் வெளியிட்ட ‘எய்ட்ஸ் அண்டு அக்யூசேஷன்’ என்ற நூல், நோய்க்கான பழி ஒரு நாட்டின்மேல் சுமத்தப்பட்டதை ஆராய்ந்தது.

பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும் தடைகள் நீடித்தன. 1990 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்டியரிடமிருந்து இரத்ததானம் பெற வேண்டாம் என்றது. அதை எதிர்த்து ஏப்ரல் 20 அன்று பல்லாயிரக்கணக்கானோர் புரூக்ளின் பாலம் வழியே பேரணி சென்றனர். அவ்வாண்டின் இறுதியில் அந்த விதி கைவிடப்பட்டது. ஹைட்டியில் 1991இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் படகுகளில் தப்பி வந்தவர்களில், எச்.ஐ.வி. தொற்றுள்ள இருநூறுக்கும் மேற்பட்டோர் குவான்டனாமோ கடற்படைத் தளத்தில் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்குமாறு நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் 1993 ஜூன் 8 அன்று தீர்ப்பளித்தார். தொற்றுள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் வர 1987இல் விதிக்கப்பட்ட தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது. பரிசோதனை முடிவு தன் குடியேற்ற உரிமையைப் பறித்துவிடும் என்று ஹைட்டியர் அஞ்சியதற்கு இந்த வரலாறே அடிப்படை.

நிதி வரும் வழிகள்

தடுப்புப் பணிக்கான கூட்டரசு நிதி பெரும்பாலும் சிடிசி வழியே வருகிறது. அது மாநில, நகரச் சுகாதாரத் துறைகளுக்குச் சென்று அங்கிருந்து ஒப்பந்தமாகத் தொண்டு நிறுவனங்களை அடையலாம், நேரடியாகவும் வழங்கப்படலாம். 2021இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தில் 96 சமூக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சிறுபான்மை இனத்தவருக்கான எய்ட்ஸ் முன்முயற்சி 1999 நிதியாண்டில் தனி ஒதுக்கீடு பெறத் தொடங்கியது. 1990இன் ரயன் வைட் சட்டத்தின்கீழ் வரும் நிதி முதன்மையாகத் தொற்றுள்ளோரின் சிகிச்சைக்கும் உதவிக்கும் உரியது. தடுப்புத் திட்டத்துக்கு அந்நிதியைக் கேட்பது பொருந்தாது.

2019இல் அறிவிக்கப்பட்ட எச்.ஐ.வி. ஒழிப்புத் திட்டம், புதிய தொற்றுகளை 2030க்குள் 90 விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டது. அது முதற்கட்டமாகத் தேர்ந்தெடுத்த 48 கவுண்டிகளில் (மாநிலத்துக்குள் அமைந்த மாவட்டங்களில்) ஃபுளோரிடாவின் மயாமி-டேட், புரோவர்ட், புரூக்ளினை உள்ளடக்கிய கிங்ஸ், பாஸ்டனை உள்ளடக்கிய சஃபோக் ஆகியவை இடம்பெற்றன. இதனால் ஹைட்டியர் மிகுந்த பல பகுதிகள் முன்னுரிமை வட்டத்துக்குள் வந்தன.

பதிவும் தகுதியும்

விண்ணப்பதாரர் வருமானவரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருப்பது வழக்கம். கூட்டரசு நிதிக்கு சாம் என்ற அரசுத் தளத்தில் பதிந்து, 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாளக் குறியீடு பெற வேண்டும். 2022 ஏப்ரலில் இக்குறியீடு, அதுவரை பயன்பட்ட டன்ஸ் என்ற அடையாள எண்ணுக்கு மாற்றாக வந்தது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டப்பூர்வப் பெயரோ முகவரியோ ஆவணங்களுக்கிடையே மாறுபட்டால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். எனவே நிதி அறிவிப்பு வரும் முன்பே பதிவை முடிப்பது நடைமுறை. விண்ணப்பம் கூட்டரசின் கிராண்ட்ஸ்.கவ் இணையதளம் வழியே செல்கிறது.

தேவையை நிறுவுதல்

விண்ணப்பத்தின் கடினமான பகுதி இதுவே. தேசிய அளவிலான தொற்றுக் கணக்குகள் பெரும்பாலும் இனவாரியாக வெளியாகின்றன. அவற்றில் ஹைட்டியர் ‘கறுப்பினத்தவர்’ என்ற ஒரே தலைப்புக்குள் மறைந்துபோகின்றனர். பிறந்த நாட்டின்படி பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2007 இறுதியில் அமெரிக்க எய்ட்ஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 1.2 விழுக்காட்டினர் ஹைட்டியில் பிறந்தோர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 0.18 விழுக்காடு மட்டுமே.

உள்ளூர்த் தேவையைக் காட்ட மூன்று வகைச் சான்றுகள் பயன்படுகின்றன: மாநிலச் சுகாதாரத் துறையின் பிறந்த நாடு வாரியான தொற்றுத் தரவு; மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பிறப்பிடம், வம்சாவளி, வீட்டுமொழி பற்றிய அட்டவணைகள்; நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனைப் பதிவுகள். சிறு எண்ணிக்கைகளை அடையாளம் வெளிப்படாதிருக்க அரசு மறைத்துவிடுவதால், சிறிய ஊர்களில் மூன்றாவது சான்றே பெரிதும் கைகொடுக்கிறது.

எண்களை எப்படி எழுதுவது என்பதும் முக்கியம். ‘ஹைட்டியர் என்பதால் ஆபத்து’ என்று தொனித்தால் 1983இன் பிழை மீண்டும் வரும். தாமதமான நோயறிதல், காப்பீடின்மை, மொழித்தடை, குடியேற்ற அச்சம் எனச் சூழலைக் காரணமாக்கி எழுதும்போது, ஒவ்வொரு காரணத்துக்கும் நேரான ஒரு செயல்பாட்டை முன்வைக்க முடிகிறது.

மொழியும் பண்பாடும்

ஹைட்டியின் 1987 அரசியல் சட்டம் கிரியோலையும் பிரெஞ்சையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. கிரியோலை எல்லோரும் பேசுகின்றனர். பிரெஞ்சில் சரளமாக இருப்போர் சிறுபான்மையினர். எனவே பிரெஞ்சுத் துண்டறிக்கையைத் திட்டத்தில் காட்டும் விண்ணப்பம் சமூகத்தை அறியாததாகவே தோன்றும். எழுத்தறிவு குன்றியோரைச் சென்றடைய கிரியோல் வானொலி வலுவான வழி. தேவாலயங்கள், முடிதிருத்தகங்கள், ஹைட்டிய வூடு சமயத்தின் தலைவர்கள் ஆகியோரின் ஒத்துழைப்பை எழுத்துமூல உடன்படிக்கைகளால் காட்ட வேண்டும். சிடிசி நிதியில் தயாராகும் கல்விப் பொருள்களை, குறைந்தது ஐவர் கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

மதிப்பீடும் கணக்கும்

சிடிசி விண்ணப்பங்களை மதிப்பிடும் குழு வழக்கமாக அணுகுமுறை, மதிப்பீட்டுத் திட்டம், நிறுவனத் திறன் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 100 மதிப்பெண் வழங்குகிறது. வரவுசெலவுத் திட்டம் ஆராயப்பட்டாலும் அதற்கு மதிப்பெண் இல்லை. ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்’ என்ற உறுதி போதாது. எத்தனை பேரைப் பரிசோதிப்பது, தொற்று உறுதியானவரை எத்தனை நாளில் மருத்துவரிடம் சேர்ப்பது என்று அளக்கத்தக்க இலக்கு வேண்டும். ஆய்வுக்கும் பொதுவாகச் சிகிச்சைக்கும் சிடிசியின் தடுப்பு நிதியைச் செலவிட முடியாது. மறைமுக நிர்வாகச் செலவுக்கான விகிதத்தை அரசுடன் பேசி ஒப்புக்கொள்ளாத நிறுவனங்கள், 2024 அக்டோபர் முதல், சில இனங்கள் கழிக்கப்பட்ட நேரடிச் செலவில் 15 விழுக்காடு வரை நிர்வாகச் செலவாகக் கோரலாம். முன்பு அது 10 விழுக்காடாக இருந்தது. ஓராண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கூட்டரசு நிதி செலவிடும் அமைப்பு முழுத் தணிக்கைக்கு உட்படுகிறது.

இன்றைய நிலை

2025 ஏப்ரலில் சிடிசியின் எச்.ஐ.வி. தடுப்புப் பிரிவில் பல கிளைகள் கலைக்கப்பட்டன. 2021இல் தொடங்கிய நேரடி நல்கையின் ஐந்தாண்டுக் காலம் 2026இல் நிறைவடையும்படி வகுக்கப்பட்டது. ஒரே கூட்டரசு நல்கையில் சம்பளம் வாங்கும் கிரியோல் பேசும் களப்பணியாளர்கள், அந்த நிதி நின்றால் வேலையிழக்கின்றனர். அவர்களோடு பல்லாண்டுகளில் சேர்த்த அறிமுகங்களும் போய்விடும். எனவே மாநிலம், கவுண்டி, தனியார் அறக்கட்டளை எனப் பல இடங்களிலிருந்து நிதி திரட்டுவது இத்துறையில் அடிப்படை உத்தியாகக் கருதப்படுகிறது.