எலியாவும் மழையும்

கண்மாய் நிறைந்தால்தான் வயல் விளையும் என்பது குளத்தூர்ப் பகுதி மக்களாகிய நமக்குத் தெரியும். பழங்காலக் கானான் நாட்டினரும் மழையை நம்பியே வாழ்ந்தனர். மழைத் தெய்வமாகப் பாகாலை வணங்கினர்.

1928இல் சிரியக் கடற்கரையருகே உழவர் ஒருவரின் கலப்பை பழங்கல்லறை ஒன்றில் தட்டியது. 1929இல் தொடங்கிய அகழாய்வில் உகரித்து நகரும், களிமண் பலகைகளில் பாகால் கதைகளும் வெளிப்பட்டன. அவற்றில் பாகாலுக்கு மேகங்கள்மேல் வருபவர் என்று பெயர். திருப்பாடல் 68 அச்சிறப்பை ஆண்டவருக்கே அளிக்கிறது.

விவிலியத்தை அதன் காலச் சூழலோடு ஆராயுமாறு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல் ஊக்கமளித்தார். அவ்வாறு படித்தால் கார்மேல் மலையில் எலியா எழுப்பிய கேள்வி நமக்கு விளங்கும் (1 அரசர்கள் 18): மழை யார் கையில்?

வானம் பொய்க்கும் ஆண்டில் நாம் யாரை நாடுகிறோம்? சிந்திப்போம்.