தூசி தொடும் இடங்கள்

ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். அருகே ஆலங்குளத்தில் 1970இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. மானாவாரியை நம்பிய கரிசல் வட்டாரத்துக்கு மாதச் சம்பளம் என்பது பெரும் வரம். ஆனால் பஞ்சாயினும் சிமெண்டாயினும் தூசி தொழிலோடு ஒட்டிப் பிறந்தது.

தொழில்நோய்களின் வரலாற்றை நாம் 1700இலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நார் சிக்கெடுப்போரின் ஓயாத இருமலைத் தம் நூலில் பதிவு செய்தார். 1950களில் ஷில்லிங் என்பவர், லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளருக்கு விடுமுறை கழிந்த திங்கட்கிழமையில் நெஞ்சிறுக்கம் மிகுவதை ஆராய்ந்தார்.

இந்நோய் முற்றினால் நுரையீரலோடு நிற்பதில்லை. மூச்சுக்குழல்கள் குறுகி, குருதியில் பிராணவாயு குறையும். நுரையீரல் நாளங்கள் இறுகும். அவற்றினூடே குருதியைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் பருத்துத் தளரும். பின் ஈரல் வீங்கும். கால்களில் நீர் கோக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களை அட்டவணையிட்டது. அட்டவணை தேடுவது சங்கிலியின் முதற்கண்ணியை. ஓய்வுபெற்ற தொழிலாளியோ கடைசிக் கண்ணியாகிய கால்வீக்கத்தோடு வருகிறார். சீட்டில் இதயநோய் என்று மட்டும் எழுதப்பட்டால், ஆலையில் உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு ரமாசினி அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் மருத்துவச் சீட்டுகளில் அக்கேள்விக்கு ஒரு வரி வேண்டும்.