உள்ளக வடிவமைப்பாளர் உரிமம் (இந்தியா)

உள்ளக வடிவமைப்பாளர் உரிமம் என்பது, கட்டிடங்களின் உட்பகுதிகளை வடிவமைக்கும் தொழிலைச் செய்வதற்கோ அத்தொழிற்பெயரைப் பயன்படுத்துவதற்கோ அரசு வழங்கும் அனுமதி ஆகும். இந்தியாவில் இத்தகைய உரிமம் இல்லை. மருத்துவர், வழக்கறிஞர், கட்டிடக்கலைஞர் ஆகியோருக்கு உள்ளது போன்ற சட்டப்பூர்வமான பதிவேடும் இத்துறைக்குக் கிடையாது.

கட்டிடக்கலைஞர் சட்டம், 1972

இத்துறைக்கு மிக நெருக்கமான சட்டம் இதுவே ஆகும். இதன்கீழ் அமைந்த கட்டிடக்கலைக் குழு, தகுதி பெற்ற கட்டிடக்கலைஞர்களின் பதிவேட்டைப் பேணுகிறது. சட்டத்தின் 37ஆம் பிரிவு, பதிவு பெறாதோர் "கட்டிடக்கலைஞர்" என்ற பெயரைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. நிலத்தோற்றக் கட்டிடக்கலைஞர், கப்பல் கட்டிடக்கலைஞர் ஆகியோருக்கு இதில் விலக்கு உண்டு. உள்ளகக் கட்டிடக்கலைஞர் என்ற பெயர் அவ்விலக்கில் இடம்பெறவில்லை. ஆகவே பதிவு பெறாத ஒருவர் தம் பெயர்ப்பலகையில் "இன்டீரியர் டிசைனர்" என எழுதத் தடையில்லை. "இன்டீரியர் ஆர்க்கிடெக்ட்" என எழுதுவது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும்.

2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம், இப்பிரிவு பெயரை மட்டுமே காக்கிறது, தொழிலைச் செய்வதைத் தடுக்கவில்லை எனத் தீர்ப்பளித்தது.

கல்வியும் உறுப்பாண்மையும்

பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் ஆகியவை படிப்பைச் சான்றளிப்பனவே அன்றி, தொழில் உரிமங்கள் அல்ல. 1972 இல் தொடங்கப்பட்ட இந்திய உள்ளக வடிவமைப்பாளர் நிறுவனம் ஒரு தொழில்சார் சங்கமாகும். கோயம்புத்தூரிலும் இதற்குக் கிளை உண்டு. இதில் உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019, கட்டிடக்கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் முதலியோரைப் பதிவு செய்ய வகை செய்கின்றன. உள்ளக வடிவமைப்பாளருக்கு அவற்றில் தனிப் பிரிவு இல்லை. போத்தனூர் உள்ளிட்ட கோயம்புத்தூர் மாநகராட்சிப் பகுதிக்கும் இவ்விதிகளே பொருந்தும்.

உரிமம் இல்லாமை உள்ளகப் பணிகள் அனைத்தையும் கட்டுப்பாடற்றவை ஆக்குவதில்லை. மின்கம்பியிடல் பணியை, மாநில மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் தூண்கள் இன்றிச் சுவர்களே கூரையின் சுமையைத் தாங்குவது உண்டு. கூடத்தைப் பெரிதாக்க அத்தகைய சுவரை அகற்றுவது அலங்காரம் அன்று, கட்டமைப்பு மாற்றம் ஆகும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வு தேவை.

வாடிக்கையாளர் பாதுகாப்பு

பதிவு பெற்ற கட்டிடக்கலைஞர் தொழில் ஒழுங்கை மீறினால், அவர் மீது கட்டிடக்கலைக் குழுவிடம் முறையிடலாம். அவரது பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவும் கூடும். உள்ளக வடிவமைப்பாளரைப் பொறுத்தவரை அத்தகைய வழி இல்லை. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்கு இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் தொழில் செய்வதிலிருந்து அவரை விலக்கிவைக்கும் அமைப்பு எதுவும் இல்லை. பணியின் அளவு, பொருள்களின் தரம், கட்டணத் தவணை ஆகியவற்றைக் குறிப்பிடும் எழுத்துமூல ஒப்பந்தம் இதனால் முதன்மை பெறுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில்

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. அலபாமா 1982 இல் முதன்முதலாகத் தொழிற்பெயரை ஒழுங்குபடுத்தியது. பின்னர் அங்கு தொழிலையே கட்டுப்படுத்திய சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2007 இல் செல்லாததாக்கியது. புளோரிடா 2020 இல் கட்டாய உரிமத்தைக் கைவிட்டது. உரிமம் மக்களின் பாதுகாப்புக்கானது என்பது ஆதரிப்போர் வாதம்; புதியவர்கள் தொழிலுக்கு வருவதை அது தடுக்கிறது என்பது எதிர்ப்போர் வாதம்.

இவற்றையும் பார்க்கவும்

கட்டிடக்கலை
உள்ளக வடிவமைப்பு
கோயம்புத்தூர் மாநகராட்சி