டோடோவும் சாலிட்டேரும்

இந்து மகாசமுத்திரத்தில் மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோவையும், அதற்குக் கிழக்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்த சாலிட்டேரையும், பறக்கும் சக்தியை இழந்து உடல் பெருத்துப்போன புறா ஜாதிகளே என்று ஸ்ட்ரிக்லாண்டும் மெல்வில்லும் 1848-ல் ஒரு நூலெழுதி நிலைநாட்டினார்கள்; அதற்கு முன் டோடோவைத் தீக்கோழியினம் என்றும் கழுகினம் என்றும் பண்டிதர்கள் மனம்போனபடி சொல்லி வந்தார்கள்.

இவ்விரண்டில் உலகப் பிரசித்தி பெற்றது டோடோதான். ஆனால், 1598-ல் டச்சுக் கப்பல்கள் மொரீஷியஸில் நங்கூரமிட்டது முதல் 1662-ல் அது கடைசியாகக் கண்ணில் பட்டது வரையில், வந்துபோன மாலுமிகள் அதன் மாமிசம் வேக வேகக் கடினமாகிறதென்று குறைப்பட்டார்களேயன்றி, அது எப்படிக் குடும்பம் நடத்தியது என்று ஆற அமரக் கவனித்து எழுதி வைத்தவர் ஒருவருமில்லை.

சாலிட்டேருக்கோ ஒரே ஒரு நல்ல சாக்ஷி வாய்த்தார். பிரான்ஸில் புரொட்டஸ்டண்ட் மதத்தாருக்கு நேர்ந்த ஹிம்சைக்குத் தப்பி, மனித சஞ்சாரமற்ற ரோட்ரிக்ஸில் 1691 முதல் 1693 வரை சில தோழர்களோடு வசித்த பிரான்ஸ்வா லெகுவா என்பவரே அவர். பனையோலைகளை ஒன்றரையடி உயரம் குவித்து அதன்மேல் ஒரே முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏழு வாரம் அடைகாக்கும் என்றும், 200 கஜ தூரத்துக்குள் அன்னியப் பறவையை நெருங்கவிடாது என்றும், அதிலும் வந்தது பெண்ணாயின் ஆண் தானே துரத்தாமல் சிறகைச் சுழற்றி ஒலியெழுப்பித் தன் பேட்டை அழைக்கும் என்றும் அவர் எழுதினார். சிறகெலும்பில் துப்பாக்கிக் குண்டுபோல் ஒரு குமிழ் உண்டு என்றார். அதைக் கொண்டுதான் அடித்துக்கொள்ளுமாம். இரைப்பையில் கோழிமுட்டையளவு கல்லொன்று இருந்ததாகவும், கத்தி தீட்ட அதுவே உத்தமமென்றும் அவர் சொல்வதிலிருந்து, இந்த சாக்ஷியும் பறவையைத் தின்றவர்தான் என்பது வெளிப்படை.

அவர் சொன்னதைக் கட்டுக்கதையென்று ஐயுற்றவர்களும் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ரோட்ரிக்ஸ் குகைகளில் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தபோது, அந்தக் குமிழ் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

மொரீஷியஸில் கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் டோடோவின் முட்டைகளைச் சூறையாடின. ரோட்ரிக்ஸில் ஆமை வேட்டைக்கு வந்தவர்களும் காட்டுத் தீயும் பூனையும் சேர்ந்து, 18-ஆம் நூற்றாண்டு முடியுமுன் சாலிட்டேரையும் ஒழித்துவிட்டன. இவ்விரண்டுக்கும் உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு நிக்கோபார்ப் புறா என்று 2002-ல் மரபணுச் சோதனை காட்டியது. அது நம் தேசத்து நிக்கோபார்த் தீவுகளில் இன்றும் பறந்து திரிகிறது.