பூகோளப் பாடமும் பரீட்சையும்



பிள்ளை பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினால் நாம் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை. எதைக் கேட்டு அந்த மதிப்பெண்ணைப் போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. இன்று பூகோளப் பாடத்தை வைத்து அதைச் சற்றுப் பார்ப்போம்.

1988-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. 2021-இல் அது நிறுத்தப்படும் வரை, அதில் பூகோளத்துக்கென்று ஒரு தாள் இருந்ததில்லை. தாள் இல்லாத பாடத்தின் நேரத்தைக் கணிதம் எடுத்துக்கொண்டது. நானும் அப்படிக் கொடுத்தவன்தான். ஆகவே தோட்டத்துப் பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான், அதுவும் மலாய் மொழியில், நிலப்படத்தை முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தது.

அங்கே 1993 முதல் 2013 வரை பி.எம்.ஆர். தேர்வு நடந்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் கருமையாக்கும் கேள்விகள். நிலப்படத்தில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். நான்கு இலக்க எண் கட்டத்தைக் காட்டும். ஆறு இலக்க எண் கட்டத்துக்குள் 100 மீட்டர் அளவுக்கு இடத்தைக் காட்டும். கிழக்கு எண்ணை முதலிலும் வடக்கு எண்ணைப் பிறகும் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் கோயில் இருக்கும் இடத்தில் சதுப்பு நிலம் வந்து நிற்கும்! ரப்பர்க் காட்டுக்கு அடையாளம் 'ஜி' என்ற ஓர் எழுத்து. நம் பெற்றோர் பெரட்டுக்கு எழுந்து ஓடிய காடு முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிவிட்டது. சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு என்பார்கள். மேட்டு நிரையில் பால்மரம் வெட்டியவருக்கு அது காலில் தெரியும். பிள்ளைக்கு மட்டும் புத்தகத்தில் புதிதாக இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் குறை என்றே நினைக்கிறேன்.

2014-இல் பி.டி.3 வந்தபோது, பூகோளத்தில் மாணவன் தானே தகவல் திரட்டி எழுத வேண்டியிருந்தது. வேண்டிய பணிதான், ஆனால் அதையும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. 2022-இல் அத்தேர்வும் கைவிடப்பட்டது. இப்போது வகுப்பறையில் ஆசிரியரே மாணவனைக் கவனித்து, 1 முதல் 6 வரை அடைவு நிலை குறிக்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு மாணவனிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். செம்பனைக் காடு, பாலம், கடை எல்லாம் இருந்தன; வடக்கு எது என்று மட்டும் குறிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் அம்புக்குறி இருந்தது. ஆற்றை அழித்து மறுபக்கம் போட்டிருந்தான். "தாத்தா சொன்னாரு சார், வெள்ளம் அந்தப் பக்கமாத்தான் வருமாம்" என்றான்.