ஆறாவதில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர்?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பி நேற்றுக் காலை என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், பொண்ணு ஆறாவது போகுது. பக்கத்து எய்டட் ஸ்கூல்ல சேர்க்கலாமா? நல்ல ஸ்கூலா? பர்சென்டேஜ் எவ்ளோ சார்?"

முப்பது வருடத்துக்கு மேல் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பாடம் நடத்தியவன் நான். பதில் உடனே வாயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சாயந்திரம் சொல்றேன் தம்பி" என்று நழுவிவிட்டேன். பதிவு சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைத் தேர்ச்சி எண்ணால் அளப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்தில் 1862ல் ஒரு விதி வந்தது. இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார். தேறிய குழந்தைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். தேறாவிட்டால் அந்தப் பணம் கிடையாது. அதே முறை நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. விளைவை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. தேறக்கூடிய பிள்ளை வரவு, தடுமாறுகிற பிள்ளை செலவு. பாடத்தை நெட்டுருப் போட வைப்பதே ஆசிரியரின் வேலை ஆயிற்று. 1904ல் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம்தான் அதைக் கைவிடச் சொன்னது.

அந்த முறை நடப்பில் இருந்த காலத்திலேயே, 1894ல், அடையாறு ஊரூரில் ஒரு பள்ளி தொடங்கியது. இன்று பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி என்று நிற்பது அதுதான். தொடங்கியவர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட். அமெரிக்கர். அன்றைய பெயர் பஞ்சமர் இலவசப் பள்ளி. பெரும்பாலான பள்ளிகளின் திண்ணையில்கூட உட்கார முடியாத பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளி. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று மொத்தம் ஐந்தாகப் பெருகியது. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்தார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர்களில் கோர்ட்ரைட் என்ற அம்மையார் ஒருவர். கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தவர். பிள்ளை தனக்குத் தெரிந்த பொருளைக் கையால் தொட்டு, விளையாடி, அதிலிருந்து எழுத்துக்கும் எண்ணுக்கும் போக வேண்டும் என்பது அந்த முறை. அந்த அனுபவத்தை 1906ல் ஒரு சிறு நூலாகவும் எழுதினார். சேரிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை ஒரு நூலுக்குரிய விஷயமாக அவர் நினைத்ததே அன்று பெரிது.

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. ஆல்காட் மனதில் இருந்தது எளிய படிப்பு: கொஞ்சம் தமிழ், கணக்கு, பேச ஆங்கிலம், சமையல், தையல். பிழைப்புக்குப் போதும் என்ற கணக்கு. அந்தப் பிள்ளைகள் வக்கீலாகவோ டாக்டராகவோ ஆவார்கள் என்று அன்று திட்டம் போடவில்லை. பெயரிலும் சிக்கல். "பஞ்சமர்" என்று அழைப்பதையே அயோத்திதாசப் பண்டிதர் மறுத்தார். இத்தனைக்கும் 1898ல் அவரை இலங்கைக்கு அழைத்துப்போனவர் இதே ஆல்காட். பிறகு 1922ல், தாமே பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து "ஆதி திராவிடர்" என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார்.

படிப்பு, விளையாட்டும் கைவேலையும், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்: இந்த மூன்றில் எதை வைத்து ஊரூர்ப் பள்ளியை அளப்பது? தேர்ச்சி எண் ஒன்றை மட்டும் வைத்தால், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குள் வந்ததே கணக்கில் வராது.

இனி என் கதை. தொண்ணூறுகளில் நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். பள்ளியின் பெயர் வேண்டாம். வகுப்பில் நாற்பது பேர். வருடக் கடைசியில் தலைமை அறையில் கூட்டம். "இந்த நாலு பேர் பத்தாவது போனா ரிசல்ட் விழும்" என்றார்கள். பெற்றோரை அழைத்து டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னோம். பட்டியலில் கையெழுத்து என்னுடையது. மறுவருடம் 36 பேர் எழுதி 36 பேரும் தேறினார்கள். நூற்றுக்கு நூறு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த நால்வரும் எழுதித் தவறியிருந்தால்கூட தொண்ணூறு சதவீதம்தான் ஆகியிருக்கும். பத்து சதவீதத்துக்காக நாலு பிள்ளைகள். 1862ன் கணக்குதான், வேறில்லை.

நால்வரில் ஒருவனைப் பல வருடம் கழித்து மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். லேபில் ஃப்யூஸ் போனால் நாங்கள் கூப்பிடுகிற பையன் அவன். ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டான். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். எந்த வருத்தமும் காட்டவில்லை. பஸ் ஏறும்போது, "டென்த் எழுதவே இல்ல சார், அப்படியே விட்டுப்போச்சு" என்று சிரித்தான். அந்தப் பொன்னாடை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒருநாளும் எடுத்துப் போர்த்தியதில்லை.

2017ல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் பள்ளி வாசலில் "100%" பேனர் நிற்கவில்லை.

சாயந்திரம் இஸ்திரித் தம்பியிடம் சொன்னது இதுதான். "பர்சென்டேஜ் கேளு, தப்பில்ல. கூடவே இதையும் கேளு. நாலு வருஷம் முன்னாடி ஆறாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, அவங்கள்ல எத்தனை பேர் இப்ப பத்தாவது எழுதறாங்க? வகுப்புக்கு எத்தனை பேர்னு எமிஸ்ல வருஷா வருஷம் ஏத்தறாங்க, ஸ்கூல்ல கணக்கு இருக்கும். சாயந்திரம் மைதானத்துல பொண்ணுங்க விளையாடறாங்களான்னு பாரு. லைப்ரரி அலமாரி பூட்டுல துரு இருக்கான்னு பாரு. மதியம் பிள்ளைங்க யார் யாரோட உக்காந்து சாப்பிடறாங்கன்னு பாரு."

அவர் கரியை ஊதிக்கொண்டே, "துருவா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பார்க்கப் போகிறாராம். நானும் கூட வருகிறேன் என்றேன்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் பாதியில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.